மறியலிலிருந்து வந்தவருக்கு: கொழும்பில் எதை, எங்கே, எந்த வரிசையில் கேட்பது

என் தம்பி வெலிக்கடைச் சிறையிலிருந்து வெளியே வந்த நாளில் அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருந்தது. அதற்குள் இரண்டு சேர்ட்டுகள், ஒரு சவர்க்காரப் பெட்டி, அம்மா எழுதிய கடிதங்கள். பேஸ்லைன் வீதியைக் கடந்து பஸ் தரிப்பிடத்துக்கு வருவதற்குள் அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இனி எனக்கு வாக்கு இருக்கிறதா?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆயுளுக்கும் இல்லை என்றார் பெரியப்பா. வெசாக் மன்னிப்பில் வந்தவனுக்கு எல்லாம் திரும்பிவிட்டது என்றார் பக்கத்து வீட்டு மாமி. இரண்டுமே பிழை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

அந்த அலைச்சலில் கற்றதைக் கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் தெரிந்த குடும்பங்களுக்கு வாயால் சொல்லிவந்தேன். எழுதி வைத்தால் இன்னும் சிலருக்கு உதவும்.

ஒன்றை முதலிலேயே விளங்கிக்கொள்ளுங்கள். சிறையிலிருந்து விடுதலையாவது ஒரு காரியம், உரிமைகள் திரும்புவது வேறு காரியம். வாக்கு, அடையாள அட்டை, நன்னடத்தைச் சான்றிதழ், வேலை, கடவுச்சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனி மேசை, தனிக் கடதாசி. வரிசை தவறினால் ஒரே அலுவலகத்துக்கு மூன்று முறை நடக்க வேண்டிவரும். கீழே நான் சொல்லும் வரிசை, நாங்கள் அப்படி நடந்து நடந்து கண்டுபிடித்தது.

வாசலைத் தாண்டும் முன்பே

விடுதலைத் திகதி தெரிந்ததும் சிறைச்சாலையின் நலன்புரி உத்தியோகத்தரைச் சந்தித்து, அத்தியட்சகரின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் கேளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர், அட்டை இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், விதிக்கப்பட்ட தண்டனை, அது தொடங்கிய திகதி, விடுதலையான திகதி, விடுதலைக்கான காரணம். தண்டனை முடிந்ததா, தண்டப்பணம் கட்டப்பட்டதா, மன்னிப்பா என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். வெளியே வந்தபின் இதே கடிதத்துக்காகத் திரும்பப் போய் நிற்பது எவருக்கும் மனதுக்கு லேசான காரியம் அல்ல.

மன்னிப்பில் வந்தவர் இந்தக் கடிதத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2025 வெசாக்கின்போது, ஜனாதிபதியின் மன்னிப்புப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் பொதுமன்னிப்பின் பெயரால் விடுவிக்கப்பட்டது பெரிய விவகாரமாகி, சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதுசெய்யப்படும் நிலை வந்தது. முறையாக வெளிவந்தவர்களையும் "நீயும் அப்படித்தானோ?" என்று கேட்கிறார்கள். கையில் கடிதம் இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லலாம்.

உள்ளே தச்சு, தையல், வெதுப்பகம், அச்சுவேலை என்று எதையாவது பழகியிருந்தால் அதற்கான சான்றையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். கைதானபோது பொலிஸார் எடுத்த தொலைபேசியோ அடையாள அட்டையோ வழக்கின் சான்றுப்பொருளாக நீதிமன்றத்தில் இருக்கலாம். அதைச் சிறையில் கேட்டுப் பயனில்லை. சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (வழக்கில் போடும் கோரிக்கை மனு) போட்டு நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

அடையாள அட்டை

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இது இல்லாமல் மற்றது எதுவும் நகராது. தொலைந்திருந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து பிரதி எடுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். கொழும்பு நகருக்குள் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் கொழும்புப் பிரிவு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, பொரளைப் பக்கம் திம்பிரிகஸ்யாயப் பிரிவு. பிறகு கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பம். அவசரம் என்றால் பத்தரமுல்லை சுஹுருபாயவில் ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஒருநாள் சேவை இருக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து 177ஆம் இலக்க பஸ் அந்தப் பக்கம் போகும். காலையிலேயே போய்விடுங்கள்.

மலையகத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்து கொழும்பில் வாடகை அறையில் இருப்பவருக்கு முகவரிதான் சிக்கல். வீட்டு உரிமையாளரிடம் கடிதம் கேட்கத் தயங்காதீர்கள். உரிமையாளர் மறுத்தால் ஊர் முகவரியிலேயே அட்டையை எடுத்துவிட்டுப் பிறகு மாற்றலாம். அட்டையில்லாமல் காத்திருப்பதைவிட அது நல்லது.

புதுக்கடை நீதிமன்றங்கள்: உங்கள் தீர்ப்பை நீங்களே வாசியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நாங்களும் தாண்டிப் போனோம், அதனால்தான் ஒரு வருடம் வீணானது. தம்பிக்கு எந்தப் பிரிவின் கீழ் என்ன தண்டனை என்று வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அவனுக்கே தெரியாது. வழக்கு சிங்களத்தில் நடந்தது, மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரியில் சொன்னார், சட்டத்தரணி "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவ்வளவுதான் அவன் அறிந்த தீர்ப்பு.

தண்டனை விதித்த நீதிமன்றத்தின் பதிவாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, குற்றப்பத்திரத்தினதும் தீர்ப்பினதும் தண்டனைக் கட்டளையினதும் உறுதிப்படுத்திய பிரதிகளைக் கேளுங்கள். வழக்கு இலக்கமும் தீர்ப்புத் திகதியும் இருந்தால் வேலை சுலபம். பழைய வழக்கேடு என்றால் தேடியெடுக்க நாட்கள் ஆகும், பொறுமையாக இருங்கள். கையில் கிடைத்ததும் தமிழ் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடமோ சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமோ கொடுத்து வரிவரியாகக் கேளுங்கள். வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அதன் தலைமையகமும் புதுக்கடையில்தான் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

வாசிக்கும்போது நான்கு விடயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, உண்மையில் நீங்கள் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டீர்களா? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்படி, குற்றம் நிரூபணமானாலும் ஆளின் வயது, உடல்நிலை, முன்நடத்தை ஆகியவற்றைப் பார்த்து, குற்றத் தீர்ப்புக்குப் போகாமலேயே நீதவான் எச்சரித்தோ நிபந்தனையுடனோ விடுவிக்கலாம். அப்படி விடப்பட்டவர்கள் பலர் தங்களைத் தண்டனை பெற்றவர்கள் என்று நினைத்து வாழ்நாள் முழுவதும் தலைகுனிந்து நடக்கிறார்கள். விளக்கமறியலில் எத்தனை மாதம் இருந்திருந்தாலும் அது தண்டனை அல்ல. போர் முடிந்த 2009க்குப் பின் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட சுமார் 12,000 பேரில், நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் போய்வந்தவர்களும் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர்கள் அல்லர். "நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவரா?" என்று எந்தப் படிவம் கேட்டாலும் இவர்கள் "இல்லை" என்று எழுதலாம். அது பொய் அல்ல.

இரண்டாவது, எந்தப் பிரிவு, அந்தப் பிரிவுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சத் தண்டனை எவ்வளவு? மூன்றாவது, உங்களுக்கு விதிக்கப்பட்டது எத்தனை மாதம்? இந்த இரண்டும் ஏன் வேண்டும் என்று வாக்கைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

நான்காவது, மிச்சம் ஏதாவது இருக்கிறதா? கட்டப்படாத தண்டப்பணம், வேறு நீதிமன்றத்தில் தூங்கும் வழக்கு, தவணைக்குப் போகாததால் விழுந்த பிடியாணை ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். வேலை கிடைத்து மூன்று வாரத்தில் பழைய பிடியாணையில் திரும்பவும் உள்ளே போன ஒருவரை எனக்குத் தெரியும். உள்ளே இருந்ததால் தவணைக்குப் போக முடியவில்லை என்று சட்டத்தரணியுடன் நீங்களாகவே நீதிமன்றத்துக்குப் போய்ச் சொல்வதும், பொலிஸார் வந்து பிடித்துக்கொண்டு போவதும் ஒன்றல்ல.

வாக்குரிமை

தம்பி கேட்ட கேள்விக்கான பதில் அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையில் இருக்கிறது. தண்டனை பெற்ற எல்லோருக்கும் வாக்கு போவதில்லை. இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து இருக்க வேண்டும். குற்றம், இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்காக உங்களுக்கு விதிக்கப்பட்டதும் ஆறு மாதத்துக்குக் குறையாததாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால், தண்டனையை அனுபவிக்கும் காலத்திலும் அது முடிந்து ஏழு ஆண்டுகளுக்கும் வாக்கு இல்லை. ஏழு ஆண்டு முடிந்ததும் தகுதியின்மை தானாகவே போய்விடுகிறது. எவரிடமும் போய் மன்றாடத் தேவையில்லை.

உதாரணம் சொன்னால் விளங்கும். தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவில் களவுக்கு உச்சத் தண்டனை மூன்று ஆண்டு. அதற்காக எட்டு மாதம் பெற்றவருக்கு ஏழு ஆண்டுத் தடை உண்டு. 314ஆம் பிரிவில் வேண்டுமென்றே காயம் ஏற்படுத்துவதற்கு உச்சம் ஓர் ஆண்டு. அதற்காக அதே எட்டு மாதம் பெற்றவருக்குத் தடை இல்லை. களவுக்கே மூன்று மாதம் மட்டும் பெற்றவருக்கும் தடை இல்லை. தங்களுக்கு வாக்கு இருப்பது தெரியாமலேயே பல தேர்தல்களை வீட்டில் இருந்து கழித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு எரிகிறது.

இனி மன்னிப்பு. வெசாக்குக்கும் சுதந்திர தினத்துக்கும் வரும் பொதுமன்னிப்பில் பெரும்பாலும் தண்டனையின் மீதிதான் தள்ளுபடியாகிறது. உரிமையைத் திருப்பித் தருவது அதுவல்ல. பூரண மன்னிப்பு கிடைத்தால்தான் அது கிடைத்த நாளிலிருந்து தகுதியின்மை நீங்கும் என்கிறது 89ஆம் உறுப்புரை. முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவின் கதையைப் பாருங்கள். 2012 மே மாதம் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். குடியியல் உரிமைகள் அவருக்குத் திரும்பியது 2015 ஜனவரியில், புதிய ஜனாதிபதி வந்த பிறகுதான். நாட்டின் தளபதியாக இருந்தவருக்கே விடுதலைக்கும் உரிமைக்கும் இடையில் இரண்டரை ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது.

34ஆம் உறுப்புரையில் பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. முழு மன்னிப்புத் தராமல், தகுதியின்மைக் காலத்தை மட்டும் குறைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஏழு ஆண்டை நான்காக்குங்கள் என்று கேட்கலாம். ஜனாதிபதி செயலகத்துக்கு முகவரியிட்ட மனு, தீர்ப்பின் பிரதி, விடுதலைக் கடிதம், வெளியே வந்தபின் செய்த வேலைக்கான சான்றுகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருந்த எட்டுத் தமிழ்க் கைதிகளுக்கு மன்னிப்புக் கிடைத்ததற்குப் பின்னால், அவர்களின் குடும்பங்கள் ஆண்டுக்கணக்காக எழுதிய மனுக்களும் இருந்தன.

ஏழு ஆண்டு முடிந்தால் பெயர் தானாக இடாப்பில் ஏறிவிடாது. ஆண்டுதோறும் நடக்கும் வாக்காளர் இடாப்புத் திருத்தத்தின்போது கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும். விடுதலைக் கடிதத்தில் உள்ள திகதி இப்போதுதான் கைகொடுக்கும். இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். விடுபட்டிருந்தால் உரிமைக்கோரிக்கை செய்யலாம். ராஜகிரிய சரண மாவத்தையில் உள்ள தேர்தல்கள் ஆணைக்குழுவிலும் விசாரிக்கலாம். தடைக்காலம் முடியும் முன் பெயரைச் சேர்க்க முயல வேண்டாம். தம்பிக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அம்மா நாட்காட்டி மாற்றும் ஒவ்வொரு தைமாதமும் அந்தத் திகதியைப் புதிய நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைக்கிறார்.

நன்னடத்தைச் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும்

பல வேலைகளுக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நன்னடத்தைச் சான்றிதழை எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டிவரும். நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவரா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இருக்கிறது. இதற்குப் பயந்தே பலர் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள். பொதுப்பணியிலும் சமூக சேவையிலும் ஈடுபாடு உள்ளவரா என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கான பதிலை உங்களால் மாற்ற முடியாது. இரண்டாவதற்கான பதிலை இன்றிலிருந்தே உண்டாக்கலாம். கோயில் அன்னதானம், மரண உதவிச் சங்கம், இரத்ததானம், டெங்கு ஒழிப்புச் சிரமதானம் என்று எதில் நின்றாலும் அதன் செயலாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

கிராம உத்தியோகத்தரிடம் சான்றிதழ் தேவைப்படும் நாளில் முதல்முறையாகப் போகாதீர்கள். வெளியே வந்த முதல் மாதத்திலேயே போய், "சேர், நான் இன்னார் மகன். தண்டனை முடித்து வந்திருக்கிறேன், இனி இங்கேதான் இருப்பேன்" என்று அறிமுகமாகுங்கள். ஓர் உத்தியோகத்தர் எங்களை ஐந்து முறை திருப்பியனுப்பினார். அதே வீதியில் வேறு ஒருவர் பொறுப்பேற்றதும், எங்களை இருக்கச் சொல்லி அரைமணி நேரம் கேட்டார், அன்றே எழுதித் தந்தார். ஆளைப் பொறுத்துத்தான் கதவு திறக்கிறது. அது நியாயமில்லை, ஆனாலும் மூடிய கதவோடு நின்றுவிட வேண்டாம். மறுத்தால் பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

உள்நாட்டு வேலைக்குச் சில நிறுவனங்கள் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் அறிக்கையையும் கேட்கும். வழக்கில் விடுதலையானவர்கள் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். குற்றஞ்சாட்டியது பதிவில் இருக்கும், விடுதலையானது ஏறாமல் கிடக்கும். தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை இணைத்து, குற்றப் பதிவுகள் பிரிவுக்குப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பித் திருத்தக் கேளுங்கள். பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்.

பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால், பல தண்டனைகள் குறித்த காலத்துக்குப் பின் கழிந்தவையாகக் கொள்ளப்படுகின்றன. வேலைக்குப் போகும்போது பெரும்பாலும் அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய பொதுச் சட்டம் இங்கேயும் வர வேண்டும் என்று நாம் உரத்துக் கேட்க வேண்டும். இருபது வயதில் செய்த பிழைக்கு நாற்பது வயதிலும் படிவம் நிரப்ப வைப்பது தண்டனைக்கு மேல் தண்டனை.

வேலை

உள்ளே பழகிய தொழிலுக்கு வெளியே பெறுமதி கொடுப்பது என்விகியூ (NVQ) எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். திரும்ப வகுப்புக்குப் போகத் தேவையில்லை. ஏற்கெனவே கைவந்த வேலையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறும் முறை இருக்கிறது, அதை முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில் உள்ள நிபுணதா பியசவில் தொழிற்பயிற்சி அதிகாரசபை இருக்கிறது. கோட்டையிலிருந்து 103ஆம் இலக்க பஸ் நாரஹேன்பிட்டிக்குப் போகும். ராஜகிரியவில் உள்ள தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலும் கேட்கலாம். தம்பி தச்சு வேலையில் இப்படித்தான் சான்றிதழ் எடுத்தான். அந்தச் சான்றிதழில் சிறைச்சாலை என்ற சொல்லே இல்லை.

வேலை கேட்கப் போகும்போது கேட்காததை நீங்களாகக் கொட்ட வேண்டாம். கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். மூன்று வாக்கியம் போதும்: "சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் தண்டனை பெற்றேன், ஐயா. அதை முழுமையாக முடித்துவிட்டேன். என் வேலையை ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்." இதை வீட்டில் பத்து முறை சொல்லிப் பழகுங்கள். முதல் முறை தம்பிக்குக் குரல் வரவில்லை. ஐந்தாவது முறை நிமிர்ந்து சொன்னான்.

சிறையிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் நாட்கூலியை வெட்டி, சேமலாப நிதியில்லாமல் வேலை வாங்கும் முதலாளிகளும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் என்பது எல்லோருக்கும் உள்ள சட்டம். உங்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. சிறைக்குப் போகும் முன் வேலை செய்திருந்தால் அந்தப் பழைய சேமலாப நிதிக் கணக்கையும் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

வெளிநாடு

பெரும்பாலான நாடுகள் கேட்கும் பொலிஸ் நற்சான்றிதழைக் கொழும்புப் பொலிஸ் தலைமையகம் வழங்குகிறது, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். தண்டனை இருந்தால் அது தெரியவரும். "மறைத்துத் தருகிறேன்" என்று சொல்லும் முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எந்த நாட்டுக்குப் போக நினைக்கிறீர்களோ அந்த நாடு எந்தக் குற்றத்தை, எத்தனை ஆண்டு பார்க்கிறது என்று முதலில் விசாரியுங்கள். நீதிமன்றம் பயணத்தடை விதித்திருந்தால் வழக்கு முடிந்தாலும் தடை நீங்கியதாக நினைக்க வேண்டாம். நீக்கும் கட்டளையைப் பெற்று, அது குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

மறுத்தால்

எந்த மேசையிலும் வாய்மொழி மறுப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். தமிழும் அரசகரும மொழி. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்திலோ படிவத்திலோ கையொப்பமிடாதீர்கள், மொழிபெயர்த்துச் சொல்லும் வரை பேனாவைத் தொட வேண்டாம்.

அரச அலுவலகம் ஒன்று உங்களைச் சமமாக நடத்தவில்லை என்றால் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் அது நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். தனியார் முதலாளி வேலை தர மறுப்பதற்கு இந்த வழி பொருந்தாது.

எல்லாக் கடதாசிகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். மேலே விடுதலைக் கடிதம், அடுத்துத் தீர்ப்பு, பிறகு சான்றிதழ்கள், கடைசியில் தபால் பற்றுச்சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிழற்பிரதி எடுங்கள், மூலப்பிரதியை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். முதல் சில மாதம் அலுவலகங்களுக்கு அவரைத் தனியே அனுப்பாமல் வீட்டில் ஒருவர் கூடப் போங்கள். வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால், "நாளைக்கு வா" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அவர் மறுநாளும் வருவார்.